நாற்பது நிமிடம் ஆகும்

துபாயில் ஒரு மாலில் பனித்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் போன மாதம் என்னோடு தொலைபேசியில் பேசினார். துபாய், தோஹா, சிங்கப்பூர் என்று இந்த வேலையில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டார்: "சார், அடுத்த மாசம் இங்க ஒரு ஸ்கேட்டிங் போட்டி வருது. ஐஸ் எத்தனை டிகிரி வைக்கணும்? நம்பர் மட்டும் சொல்லுங்க, போதும்."

சொன்னேன். எழுதிக்கொண்டார், நன்றி சொல்லி வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு சரியில்லை. அதே நம்பரைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் என் முதல் சர்வதேசப் போட்டியைக் கெடுக்கப் பார்த்தேன். அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை, அவருக்கும் அவரைப்போல் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் இங்கே எழுதுகிறேன். குழாய், கம்ப்ரஸர், உப்புநீர் எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் தொடவில்லை.

நான் தூத்துக்குடியில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஆலையில் மெக்கானிக்காக இருந்தவன். மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைக்க, அவள் பின்னால் ஃப்ரீமான்ட்டுக்கு வந்து சேர்ந்தேன். மில்பிடாஸில் ஒரு சிப் தொழிற்சாலையின் குளிரூட்டும் இயந்திரங்களோடு சில வருடம், அப்புறம் ஐஸ் ஹாக்கி ஆடும் ஓர் அரங்கம். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு சீசனுக்கு, மூன்று சர்வதேச ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளில் ஐஸ் பொறுப்பு என்னிடம் வந்தது. அக்டோபரில் நாங்கள் இருந்த பே ஏரியா வட்டாரத்திலேயே ஒன்று, டிசம்பரில் நியூஜெர்சி, மார்ச்சில் டெக்சாஸ். பெரிய திறமையைப் பார்த்து யாரும் கூப்பிடவில்லை. முன்பு இருந்தவர் விலகிவிட்டார், நான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தேன்.

என்னோடு இருவர். ஒருவர் செந்தில். பொள்ளாச்சிக்காரர், வெப்பநிலை அளக்கும் கருவிகளில் கெட்டிக்காரர், சான்டா கிளாராவில் குடியிருந்தார். இன்னொருவர் ஐஸ் வண்டி ஓட்டும் பெண். தளத்தின் மேல்பரப்பைச் சீவி, சுடுநீர் விட்டு, கண்ணாடிபோல ஆக்கும் அந்தப் பெரிய வண்டியைப் பதினைந்து வருடமாக ஓட்டி வந்தவர். டெக்சாஸில் பிறந்தவர். தன் பெயரை எங்கேயும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். செந்தில் அவரை முதல் நாளே "அம்மணி" என்று கூப்பிட ஆரம்பித்தார். அது பிடித்துப்போய் அமெரிக்கர்களும் அம்மணி என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் பேசியது ஆங்கிலம், உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

அக்டோபர் போட்டியில் பயிற்சி நாளன்று, வட ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண் தளத்தின் ஓரத்துக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். பதினாறு வயதிருக்கும். ஆங்கிலம் ஏழெட்டு வார்த்தைதான் தெரியும்போல. தளத்தைக் காட்டி, "ஐஸ் நாட் லிசன்" என்றாள்.

சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது என்கிறாள். நான் சிரித்துக்கொண்டே சுவரில் இருந்த மீட்டரைக் காட்டினேன். போட்டி விதிப்புத்தகத்தில் இருந்த நம்பரும் மீட்டரில் இருந்த நம்பரும் ஒன்றுதான். கட்டை விரலை உயர்த்தினேன். அவள் மீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். மறுநாள் முதல் சுற்றில் எம்பிக் குதித்து இறங்கும்போது இரண்டு தடவை விழுந்தாள். எட்டாவது இடம். அவளோடு இன்னும் நான்கு பேர் விழுந்தார்கள். நான் அம்மணியிடம், "இந்த வருஷம் வந்தவங்க யாரும் தேறாதவங்க போல" என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னேன். அவள் அப்போதுதான் டியூட்டி முடித்து வந்திருந்தாள்.

"அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சு?"

"ஐஸ் சரியில்லன்னு. மீட்டர்ல கரெக்டாத்தான் இருக்கு."

"ஏங்க, ஒரு பேஷன்ட் வலிக்கின்னு சொல்லுதாரு. மானிட்டர்ல எல்லாம் நார்மல். நான் அவர்கிட்ட போயி உங்களுக்கு வலிக்கல, மானிட்டரப் பாருங்கன்னு சொல்லவா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அவங்க கால்ல நின்னு சொல்லுதாங்க. நீங்க செவுத்தப் பாத்துச் சொல்லுதீங்க."

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். செந்திலுக்குப் போன் செய்து விடிவதற்கு முன்பே வரச் சொன்னேன். அவர் வந்து, மீட்டரின் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போய்த் தளத்தின் ஓரத்தில் நின்றார்.

"அண்ணா, சென்சார் ஓரத்துல புதைச்சிருக்குதுங்க. ஓரம் எப்பவுமே கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். நடுவுல யாராச்சும் அளந்தீங்களா?"

யாரும் அளக்கவில்லை. நடுவில் அளந்தால் மூன்றரை டிகிரி குறைவு. ஹாக்கிக்கு அது சரி. கடினமான ஐஸில்தான் ஹாக்கிக்காரர்கள் வேகமாக ஓடுவார்கள். குதித்து ஒற்றைக் காலில் இறங்குகிறவளுக்கு ஐஸ் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லில் விழுவதும் ஒன்றுதான். நான் அந்தப் பிள்ளைகளுக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு, அவர்களையே தேறாதவர்கள் என்று சொல்லியிருந்தேன்.

ஐஸ் ஒரு நிமிடத்தில் மாறாது. நாங்கள் வெப்பநிலையை ஏற்றிவிட்டு மதியம்வரை காத்திருந்தோம். பயிற்சிக்கு வந்த அதே பெண்ணிடம் நானே போனேன். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் போதாது. தளத்தைக் காட்டி, "ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஒரு சுற்று போனாள், ஒருமுறை எம்பி இறங்கினாள். என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள். அன்று மாலை இறுதிச் சுற்றில் எட்டாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு வந்தாள். பதக்கத்தோடு எங்கள் அறைக்கு வந்து, என் கையையும் செந்தில் கையையும் குலுக்கினாள். முதல் சுற்றும் ஒழுங்கான ஐஸில் நடந்திருந்தால் அவள் எந்த இடத்தில் இருந்திருப்பாள் என்ற கணக்கை நான் இன்றுவரை போடுவதில்லை.

மீட்டரைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் மேல் நிற்கிறவர் சொல்வதை முதலில் கேளுங்கள், பிறகு மீட்டரிடம் போங்கள்.

நியூஜெர்சியில் வந்தது வேறு மாதிரியான சிக்கல். வெளியே நல்ல பனி. உள்ளே ஆண்கள் இறுதிச் சுற்று, அரங்கம் நிறைந்திருந்தது. ஒரே மூலையில் எல்லோரும் குதித்துக் குதித்து, ஷூவுக்கு அடியில் இருக்கும் கத்தியின் முன் பற்கள் தோண்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி விழுந்துவிட்டது. ரெஃபரி போட்டியை நிறுத்தி என்னை அழைத்தார். பன்னிரண்டாயிரம் பேர் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அடுத்துச் சறுக்க வேண்டிய ஆள் தளத்தின் வாசலில் தயாராக நிற்கிறான். பக்கத்தில் டிவிக்காரர் ஒருவர் வாட்ச்சைத் தட்டிக் காட்டுகிறார்.

"எவ்வளவு நேரம்?" என்றார் ரெஃபரி.

"ஐந்து நிமிடம்."

எனக்கு எப்படி ஐந்து என்று வந்தது தெரியுமா? அவர் முகத்தைப் பார்த்து வந்தது. குழியைப் பார்த்து வரவில்லை.

பொடித்த ஐஸும் தண்ணீரும் கலந்து குழியில் அடைத்தோம். தீயணைக்கும் சிலிண்டரிலிருந்து குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சினோம். மேலே வெள்ளையாக இறுகிவிட்டது. தட்டிப் பார்த்தேன், கெட்டி. ஐந்து நிமிடமும் முடிந்தது. நான் ரெஃபரியைப் பார்த்துக் கையை உயர்த்தப் போனேன். அப்போது அம்மணி வண்டிக் கொட்டகையிலிருந்து நடந்து வந்து, அந்த ஒட்டின் மேல் ஏறி நின்று, குதிகாலை ஒரு திருகு திருகினார். பூட்ஸ் அரை அங்குலம் உள்ளே போனது. மேலே ஓடு, உள்ளே கூழ்.

"இறங்குங்க, டைம் ஆச்சு," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இறங்க மாட்டேன்."

"ரெஃபரி பார்க்கிறார்."

"பார்க்கட்டும். அந்தப் பையன் இங்கேதான் குதிக்கப் போறான். காலையில ஆறு தடவை இங்கேதான் குதிச்சான், நான் எண்ணினேன். அவன் கணுக்கால் உடைஞ்சா நீங்க போய் அஞ்சு நிமிஷம்னு சொல்வீங்களா?"

எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. எல்லோர் முன்னாலும் என்னைச் சிறுமைப்படுத்துகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். ரெஃபரியிடம் போய் இன்னும் ஒன்பது நிமிடம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டம் முனகியது. டிவிக்காரர் காது கூசும்படி ஏதோ சொன்னார். ஒட்டைப் பெயர்த்தெடுத்து, மெல்லிய அடுக்கு அடுக்காக மறுபடி போட்டோம். ஒவ்வோர் அடுக்குக்கும் அம்மணி ஏறி நின்றார். கடைசி அடுக்கில் குதிகாலைத் திருகினார், ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

அந்தப் பையன் அங்கேதான் குதித்தான். நான்கு முழுச் சுற்று சுற்றி, ஒட்டின் நட்டநடுவில் இறங்கினான். அரங்கமே எழுந்து நின்றது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அன்று வண்டிக் கொட்டகையில் அம்மணிக்குக் காபி வாங்கிக் கொடுத்து, "நீங்க என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே" என்றேன். "தனியா சொன்னா நீங்க சரின்னுட்டு கையைத் தூக்கியிருப்பீங்க," என்றார். உண்மைதான். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். என்னைவிட ஆறு வயது இளையவர், எந்தச் சான்றிதழும் இல்லாதவர், என் கீழ் வேலை செய்தவர்.

இனி டெக்சாஸ். சீசனின் பெரிய போட்டி அது. பெண்கள் இறுதிச் சுற்று, கடைசி அணியில் ஆறு பேர். உலகில் அந்த வருடம் யார் முதல் என்பது அந்த ஆறு பேருக்குள் முடிவாகும்.

மார்ச் மாதம்தான், ஆனால் அன்று புழுக்கம் தாங்கவில்லை. மதியத்திலிருந்து இடியும் மழையும். கடைசி அணிக்கு முந்தைய இடைவேளையில் அம்மணி வண்டியை ஓட்டிவிட்டு என்னிடம் நேராக வந்தார். "நடுவர்கள் பக்க மூலையில வண்டி தூக்கிப் போடுது. மேடு இருக்கு."

போய்ப் பார்த்தேன். அரை நெல்லிக்காய் அளவில் ஏழெட்டு ஐஸ் மேடுகள். அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பார்த்தேன். கூரையின் இரும்பு உத்தரங்கள் வேர்த்துக் கொட்டின. ஈரக்காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது, குளிர்ந்த கூரையில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டுகிறது, கீழே விழுந்து உறைகிறது. வேகமாக வரும் ஸ்கேட்டின் கத்திமுனை அதில் பட்டால் ஆள் பறந்து போவாள்.

செந்தில் ஓடி வந்தார். "அண்ணா, ஐஸை இன்னும் ரெண்டு டிகிரி எறக்கிரலாமுங்களா? சூட்டுக்குத் தாக்குப் பிடிக்கும்."

"எறக்குனா கூரை இன்னும் குளுந்து போகும், இன்னும் சொட்டும். ஈரம் எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க."

அவர் ஈரப்பதம் அளக்கும் கருவியோடு அரங்கத்தைச் சுற்றி ஓடினார். நாலு நிமிடத்தில் வாக்கி டாக்கியில் குரல் வந்தது. "அண்ணா, பின்னாடி லாரி வர்ற பெரிய ஷட்டர், பாதி தொறந்தே கெடக்குதுங்க. டிவிக்காரங்க கேபிள் போட்டிருக்காங்க. மழைத்தண்ணி உள்ளயே அடிக்குது. மூடச் சொன்னா முடியாதுங்கறாங்க."

ரெஃபரி வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. கூடவே ஒளிபரப்புப் பொறுப்பாளர், காதில் ஹெட்செட்.

"எவ்வளவு நேரம்?" என்றார் ரெஃபரி.

இந்த முறை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூலைக்குப் போய், மண்டியிட்டு, மேடுகளை விரலால் தொட்டு எண்ணினேன். கதவை மூடி, வெளிக்காற்று விசிறிகளை நிறுத்தி, விளக்குகளை முழுசாகப் போட்டுக் கூரையைக் காயவைத்து, மேடுகளைக் கையால் சீவி, வண்டியை இரண்டு முறை ஓட்டி, இறுக விட்டு. மனதுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

"நாற்பது நிமிடம் ஆகும்."

ஒளிபரப்புக்காரர் ஹெட்செட்டைக் கழற்றினார். "நாடு முழுக்க லைவ் போகுது. பத்து தர்றேன்."

"பத்தில் நடத்தலாம். ஆனால் ஐஸ் தயார் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம், உங்கள் ஷட்டரை மூட வேண்டும். கேபிளை வேறு வழியாகக் கொண்டுவாருங்கள்."

"அதுக்கே எனக்கு இருபது நிமிஷம் ஆகும்."

"அதைச் சேர்த்துத்தான் நாற்பது."

ரெஃபரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் வேலை அன்றோடு போய்விடும் என்றே நினைத்தேன். வீடு, பிள்ளையின் கல்லூரி, எல்லாம் ஒரு நொடி கண் முன்னால் வந்து போயிற்று. ரெஃபரி தன் கையில் இருந்த தாளில் நேரத்தை எழுதினார். "நாற்பது," என்றார். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

அந்த நாற்பது நிமிடத்தில் நான் செய்ததில் பாதி, சும்மா இருந்ததுதான். செந்தில் கதவருகே நின்று அது மூடும்வரை நகரவில்லை. அம்மணியும் நானும் மண்டியிட்டு மேடுகளைச் சீவினோம். பதினைந்தாவது நிமிடம் சொட்டுவது குறைந்தது. இருபத்தைந்தாவது நிமிடம் நின்றது. அம்மணி வண்டியைக் கொண்டுவந்தார், தண்ணீரை மிகக் குறைவாக விட்டு ஓட்டினார். பிறகு காத்திருந்து இன்னொரு முறை.

நடுவில் நான் உள்வழியாகக் கம்ப்ரஸர் அறைக்குப் போனேன். வழியில் சுவரோரம் ஒரு பெண் காலைப் போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு பேரில் கடைசியாகச் சறுக்க வேண்டியவள், அமெரிக்கப் பெண், வயது பதினெட்டு. பக்கத்தில் அவள் பயிற்சியாளர்.

"ஐஸ்காரர் நீங்கதானே? எந்த மூலை?" என்றாள்.

"நடுவர்கள் பக்கம்."

அவள் பயிற்சியாளரைப் பார்த்தாள். அவளுடைய மிகக் கடினமான குதிப்பு அந்த மூலையில்தான். "எதிர்ப்பக்கம் மாத்திக்கலாம்," என்றார் அவர். அவள் கேட்டுக்கொள்ளாமல் என்னையே பார்த்தாள்.

"நீங்களா இருந்தா அங்கே குதிப்பீங்களா?"

"நான் என் வாழ்க்கையில் குதித்ததே இல்லை, அம்மா. எடை தொண்ணூறு கிலோ," என்றேன். அவள் சிரித்தாள். "ஆனால் நீங்கள் போவதற்கு முன்னால் அந்த மூலையில் நான் ஏறி நிற்பேன். சரியில்லை என்றால் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்வேன்."

"சரி," என்றாள். அவ்வளவுதான்.

முப்பத்தெட்டாவது நிமிடம் மூலையில் ஏறி நின்றேன். அம்மணியும் வந்து நின்றார். இருவரும் குதிகாலைத் திருகினோம். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ரெஃபரிக்குக் கையை உயர்த்தினேன். தளத்தை விட்டு வெளியே வரும்போது அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, "நல்லா இருக்கு," என்று சொன்னேன்.

ஆறு பேரும் சறுக்கினார்கள். ஒருத்திகூட விழவில்லை. ஒவ்வொருத்தி முடிக்கும்போதும் கூட்டம் எழுந்து நின்றது. அவ்வளவு நேரம் காத்திருந்த கூட்டம். பூங்கொத்துகள் மழைபோல வந்து விழுந்தன. கடைசிப் பெண் வந்தபோது நான் பார்க்கவில்லை. கூரையையும் அளவுக் கருவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் மூச்சை அடக்கியதும், பிறகு அரங்கம் இடிந்து விழுவதுபோல ஒரு சத்தம் வந்ததும்தான் தெரியும். செந்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அண்ணா, அதே மூலைங்க. அதே மூலையில எறங்குனாங்க."

மதிப்பெண் வந்தது. அவளுக்குத் தங்கம். ஒளிபரப்புக்காரர் என்னைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். ரெஃபரி தன் தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். "முப்பத்தொன்பது நிமிடம் ஆயிற்று," என்றார். எனக்கு அந்த சீசன் முழுவதும் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது.

பதக்க மேடைக்காக விரிக்க, சுருட்டிய கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் தளத்துக்குள் வந்தார்கள். நானும் அவர்களோடு உள்ளே போய், நடுவர்கள் பக்க மூலைக்கு நடந்தேன். குதிக்கும்போது ஷூ முனை குத்திய சின்னப் பள்ளம் ஒன்று தெரிந்தது. அதிலிருந்து பத்தடி தள்ளி அவள் இறங்கிய இடம். ஒரே கோடு. சிதறல் இல்லை, வழுக்கல் இல்லை, வில்லாக வளைந்து ஆறேழு அடி ஓடியிருந்தது. கம்பளம் அதன் மேல்தான் வரவிருந்தது. நாலடி தள்ளிப் போடுங்கள் என்று சொன்னேன்.

ஏன் என்று கேட்டார்கள்.

ஐஸ் அங்கே இன்னும் இறுகவில்லை என்றேன். அந்த சீசனில் நான் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான். அம்மணி பக்கத்தில்தான் நின்றார். மறுத்துப் பேசவில்லை.